கண்ணாடியை மறந்து வந்தவர்கள்

நாச்சியாபுரம்
2-6-2024, ஞாயிறு

அன்புள்ள ரோகிணிக்கு, அப்பா எழுதுவது.

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். வரி ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் சரிகிறது. நான் பந்தல்கால் நட்டால் நூல் பிடித்தது போல நிற்கும் என்று காரைக்குடி வரைக்கும் பேர். இந்த எழுத்துகள் அப்படி நிற்கவில்லை. ஒரு பக்கம் எழுதக் காலையிலிருந்து மத்தியானம் ஆகிவிட்டது.

இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானே எழுதுகிறேன். "அப்பாவுக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்பாய். தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த மாப்பிள்ளை என்று உன் அம்மா வீட்டில் சொன்னது பொய். நான் பள்ளிக்கூடத்து வாசலில் பந்தல் போட்டிருக்கிறேன், உள்ளே போனதில்லை. மருது என்று மூன்று எழுத்தைப் படம் வரைவது போல வரையத் தெரியும். மற்றதற்கெல்லாம் "கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், நீயே படிச்சுச் சொல்லப்பா" என்பேன். நாற்பது வருசம் அப்படியே ஓடிவிட்டது. உன் அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது.

போன ஆவணியில் இங்கே எழுத்தறிவு வகுப்பு ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு. சொல்லிக்கொடுப்பது சுபலட்சுமி என்ற பெண். பதினொரு பேர் போகிறோம். மேலத்தெரு கருப்பி முதல் நாளே கேட்டாள்: "தாயி, 'அ' னா 'ஆ' வன்னா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எங்க வீட்டுக்காரர் பேரை மொதல்ல எழுதச் சொல்லிக் குடு. நாப்பது வருசமா வாயால சொன்னதில்ல, கையாலயாவது சொல்லிப் பாக்குறேன்." வீரபாண்டியன் என்று எழுதி முடித்ததும், சிலேட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்று பாடம் நடக்கவில்லை.

போன வாரம் திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு அம்மா, "அண்ணே, இது சாக்கோட்டை போகுமா?" என்று என்னைக் கேட்டது. நான் போர்டைப் படித்துப் பார்த்து, "போகாது, பின்னாடி வர்றதுல ஏறுங்க" என்றேன். அந்தப் பேருந்து போன பிறகும் அங்கேயே நின்று மற்ற போர்டையெல்லாம் படித்தேன். என் பேருந்தை விட்டுவிட்டேன்.

உன் விலாசத்தை, நீ இரண்டு பொங்கலுக்கு முன் அனுப்பிய கம்பளிப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்தைக் கோலம் போடுவது போலப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறேன். வந்து சேருமா தெரியவில்லை.

சுபலட்சுமி தன் போனில் நீ கஞ்சிரா வாசிப்பதைக் காட்டியது. நடுவில் நீலப் புடவை மாதிரி ஒன்றைப் போர்த்திக்கொண்டு பாடுகிற அம்மா யார்? என்ன பாஷை அது? ஒரு பாட்டுக்குள்ளேயே குரல் மூன்று விதமாக மாறுகிறது.

நீ என்னிடம் பேசி நாலு வருசத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ஒன்று கேட்டாய். "அம்மாவுக்கு முடியலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?" நான் தெரியாது என்றேன். அதைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. பயமாக இருக்கிறது.

பதில் போட இஷ்டமில்லை என்றால் போட வேண்டாம். நான் எழுதுவேன்.

மருது


ஏதென்ஸ்
24-6-2024

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் உறையை என்னிடம் கொடுக்கும்போது, "குழந்தை வரைந்ததா?" என்று கேட்டார்.

இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்பவில்லை. இரண்டாவது முறை கோபம் வந்தது. ஏழாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையை உங்களிடம் நீட்டினேன், நினைவிருக்கிறதா? நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று கையெழுத்துப் போட்டீர்கள். அதில் நான் கணக்கில் தோற்றிருந்தேன். அப்பா அடிக்காமல் விட்டாரே என்று இருபத்தைந்து வருடமாக அதை உங்கள் பெருந்தன்மைக் கணக்கில் வைத்திருந்தேன்.

இன்னும் எதையெல்லாம் மறைத்தீர்கள் என்று யோசிக்கிறேன். அதை விடுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அவர் பெயர் கல்லிரோயி. வயது ஐம்பத்தெட்டு. அப்பா கப்பலில் சமையல்காரர். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் மகளுக்கு ஒரு பாட்டைக் கொண்டுவந்திருக்கிறார். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து அரபி, இஸ்மிரிலிருந்து துருக்கி, நேப்பிள்ஸிலிருந்து இத்தாலி. பக்கத்து வீட்டுக் கிழவி யூதர். அவர் மூதாதையர்களை ஸ்பெயினிலிருந்து விரட்டி ஐந்நூறு வருடமாகிறது, ஆனாலும் அந்தப் பழைய ஸ்பானிஷை விடாமல் பேசியவர். அவரிடமிருந்து அதையும் கற்றார். பதினேழு வயதில் தெசலோனிக்கியில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் பாட ஆரம்பித்தார். "கிரேக்கப் பெண் துருக்கிப் பாட்டு பாடுவதா?" என்று ஒருவன் தட்டை எறிந்திருக்கிறான். கடல் தாண்டிப் போய்ப் பாடினால், "இதில் எதற்குக் கிரேக்கம்?" என்றார்களாம். முதல் இரண்டு இசைத்தட்டுகளை யாரும் வாங்கவில்லை. மூன்றாவதில் அவரே பாட்டு எழுதினார். ஒரு பாட்டுக்கு மூன்று அடி, மூன்று பாஷை, மூன்று கரையின் தாளம். பிழைப்பு தேடிக் கப்பலேறியவனின் பாட்டு அது. அதன் பிறகு எல்லாக் கரையிலும் அவரைத் தங்கள் ஊர்ப் பெண் என்கிறார்கள். ஒன்பது இசைத்தட்டுகள். கானாடுகாத்தானில் ஒரு விழாவுக்கு வந்தபோது என் கஞ்சிராவைக் கேட்டுவிட்டு, "இது எங்கள் ஊர் டெஃப் பறையின் தங்கை" என்று என்னை இழுத்துக்கொண்டார். ஆறு வருடமாகிறது.

செப்டம்பர் 21, சனிக்கிழமை, அவர் மேடையேறிய நாற்பதாவது ஆண்டுக் கச்சேரி. கல்லால் ஆன திறந்தவெளி அரங்கம். ஐயாயிரம் பேர். சீட்டெல்லாம் விற்றுவிட்டது.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டும். இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் உங்களிடம் சொல்கிறேன். மே மாதம் மார்செய் நகரில் பாடும்போது, அரபி அடி வந்ததும் அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். கூட்டம் பாடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அது கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்த முகம் இல்லை. அடுத்த ஊரிலும் அதே அடியில் அதே போல நீட்டினார்.

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

ரோகிணி


நாச்சியாபுரம்
21-7-2024, ஞாயிறு

அன்புள்ள ரோகிணிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். மூன்று நாள் ஆனது. அலெக்சாண்ட்ரியாவை மட்டும் சுபலட்சுமியிடம் ஒரு துண்டில் எழுதிக் காட்டிக் கேட்டேன். கடிதத்தைக் காட்டவில்லை. வகுப்பில் கருப்பி, "மகளே கடுதாசி போட்டுட்டாளாமே, எங்க, ஒரு வரி வாசிங்க பாப்போம்" என்றாள். "வாசிக்கிறதுக்கா போட்டுருக்கா? எனக்குப் போட்டுருக்கா" என்றேன். "அடேங்கப்பா, எழுத்து வந்ததும் ரகசியமும் வந்துருச்சு" என்றாள். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

மதிப்பெண் அட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். தோற்றது எனக்குத் தெரியாது, ஆத்தா. நீ அதை நீட்டும்போது உன் கை நடுங்கியது. சிவப்பு மையும் தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று அதில் கண்டுகொண்டேன். என்ன என்று கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாதது வெளியே வந்துவிடும். அதனால் நல்லாருக்கு என்றேன்.

இனி நீ எழுதிய அந்தக் கடைசி விஷயம். அதை மட்டும் இரண்டாவது தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மைக்கைக் கூட்டத்திடம் நீட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. கல்யாண வீட்டில் பந்தல் போட்டு முடித்ததும் பத்திரிகையைக் கையில் கொடுப்பார்கள். நான் அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டி, "நீ நல்லா வாசிப்பியே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி" என்பேன். அவனுக்குப் பெருமையாக இருக்கும். எனக்கு வேர்வை வழியும். பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய மனுசன்.

அந்த அம்மா கண்ணாடியை மறந்துவிட்டேன் என்கிறது. அவ்வளவுதான் அது.

இன்னும் சில அடையாளம் சொல்கிறேன், பார்த்து எழுது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறதா? முன்பு தானே செய்த வேலையை உன்னிடம் தள்ளி, "நீ செய்தால்தான் நன்றாக இருக்கும்" என்கிறதா? புது ஆட்கள் வந்தால் எழுந்து போய்விடுகிறதா? நான் இதையெல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு எழுத்து எப்போதும் இருந்ததில்லை. அந்த அம்மாவுக்கு இருந்தது போகிறது. அது வேறு. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே ஆடி வெயில் அடிக்கிறது. வகுப்பில் இந்த வாரம் கூட்டெழுத்து முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு எழுதுவேன்.

அப்பா


ஏதென்ஸ்
7-8-2024

அப்பா,

நீங்கள் எழுதிய மூன்றும் இருக்கிறது. இன்னும் ஒன்று கூடுதலாக இருக்கிறது. போன வாரம் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியைக் காட்டி, "அந்தக் கடலை... கடல்... அதை எடு" என்றார். சுற்றி இருந்தவர்கள் கவிஞர் பேச்சு என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வலது கை மேசைக்கு அடியில் இருந்தது. இப்போதெல்லாம் அந்தக் கையால் கோப்பையைப் பிடிப்பதில்லை.

முதலில் அரபி போனது. பிறகு துருக்கி. இத்தாலி வந்து வந்து போகிறது. ராகம் ஒரு இழை பிசகவில்லை, அதுதான் வேடிக்கை. சொல் மட்டும் வருவதில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஜூலையில் ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். நம் ஊரில் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது போல. "இருபத்தொன்று வரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல். வைத்தியரிடம் போனால் கச்சேரி இல்லை. கச்சேரி இல்லாவிட்டால் நான் இல்லை." சொன்னேன். தொண்டை என் கைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. வேறென்ன சொல்வேன்?

இரண்டு பேரும் ஒரு வழி வைத்திருக்கிறோம். அரபி அடிக்கு முன் கஞ்சிராவில் இரண்டு தனித் தட்டு. துருக்கிக்கு மூன்று. இத்தாலிக்கு விளிம்பில் ஒன்று. அந்தத் தட்டைக் கேட்டால் முதல் சொல் அவருக்கு வந்துவிடும், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். இரண்டு வாரம் இப்படியே பிழைத்தோம். ஒரு பத்திரிகையில் என் வாசிப்பு முன்னைவிடத் துணிச்சலாகியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

ஆகஸ்டு மூன்றாம் தேதி கிரீட் தீவுக் கச்சேரியில் இரண்டு தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். அவர் பாட்டுக்கு நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பா, என்னை அவருக்கு யாரென்று தெரியவில்லை. ஒரு நொடிதான். பிறகு மைக்கை நீட்டினார், கூட்டம் பாடியது.

அன்றிலிருந்து தட்டும்போதெல்லாம் முதலில் அவர் கண்ணைப் பார்க்கிறேன். இன்னும் ஆறு வாரம். நான் காப்பாற்றுகிறேனா, வேறு ஏதாவது செய்கிறேனா என்று புரியவில்லை. சத்தியத்தை மீறினால் என்னை மன்னிக்க மாட்டார். அவர் மன்னிக்காத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறைப்பதைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். அம்மா மருத்துவ முகாமுக்குப் போய்வந்ததாகச் சிட்டாள் சித்தி பதினாறாம் நாள் காரியத்தன்றே என்னிடம் சொன்னார். நீங்கள் ஒன்றுமே தெரியாது என்றீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் உங்களிடமே யோசனை கேட்கிறேன், பாருங்கள். எனக்கு வேறு ஆள் இல்லை.

ரோகிணி


நாச்சியாபுரம்
28-8-2024, புதன்

ரோகிணி,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ எழுதி இருபது நாள் ஆகிவிட்டது. நான் இதைத் தபாலில் போட்டால் கச்சேரிக்கு முன் வருமோ வராதோ. போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதி, சுபலட்சுமியிடம் கொடுத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அந்தப் பெண் படிக்காமல் அனுப்ப முடியாது. படிக்கட்டும்.

2020 ஜனவரி நாலாம் தேதி சாக்கோட்டைப் பக்கம் நடந்த முகாமுக்கு உன் அம்மாவைக் கூட்டிப்போனேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். நெஞ்சில் ஒயரெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் சீட்டு எழுதி என்னிடம் நீட்டி, "ஐயா, படிக்கத் தெரியுமா? இல்லேன்னா நான் சொல்லிடுறேன்" என்றது. நல்ல பெண். வரிசையில் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், நம் ஊர்க்காரர்கள். உன் அம்மாவும் பக்கத்தில் நின்றாள். நான், "அதெல்லாம் தெரியும்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அதுல என்னங்க போட்டிருக்காக?"

நான் சீட்டைப் பிரித்து, தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, "எல்லாம் நல்லாத்தேன் இருக்குன்னு போட்டிருக்காக. புளியை மட்டும் கொறைக்கணுமாம்" என்றேன்.

"புளிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா? போட்டிருக்குல்ல."

சிரித்தாள். அன்றிலிருந்து குழம்பில் புளியைக் குறைத்தாள். எனக்குத் தனியாகப் புளி ஊற்றி, தனக்குச் சப்பென்று வைத்துக்கொண்டாள். பத்தொன்பது நாள். தை அறுப்புக்குப் போனாள். நான்தான் போகச் சொன்னேன். இருபத்து மூன்றாம் தேதி களத்து மேட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

சீட்டு பெட்டிக்குள் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டபோது தெரியாது என்றது பொய் இல்லை. உண்மையும் இல்லை. வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதைப் படிக்கத்தான் வகுப்புக்குப் போனேன். போர்டு படிக்கிற சந்தோஷம் எல்லாம் வழியில் கிடைத்தது. போன மார்கழியில் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நாலு வரி.

மலையம்மாள், வயது 58.
இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளது.
ஏழு நாட்களுக்குள் பெரிய மருத்துவமனைக்குக் கட்டாயம் அழைத்துச் செல்லவும்.
அதுவரை கடினமான வேலை செய்ய விடக் கூடாது.

புளி என்ற சொல்லே அதில் இல்லை. மூன்று முறை தேடினேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. அந்த அம்மாவுக்காக எழுதுகிறேன். அது கண்ணாடியை மறந்தேன் என்கிறது. நீ பக்கத்தில் நின்று, ஆமாம், மறந்துவிட்டார் என்று கஞ்சிராவில் தட்டிச் சொல்கிறாய். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதன் தலைக்குள் ஒரு சீட்டு எழுதியிருக்கிறது, ரோகிணி. அதை இதுவரை யாரும் படிக்கவில்லை. நீ சத்தியத்தை வைத்துக்கொண்டு இருபத்தொன்று வரை காத்திருந்தால், அதுவும் புளியைக் குறைத்த கதைதான்.

உன்னை மன்னிக்காமல் போகட்டும். உயிரோடு இருந்து மன்னிக்காமல் இருக்கட்டும்.

உடனே கூட்டிப்போ.

மருது


நாச்சியாபுரம்
8-9-2024, ஞாயிறு

ரோகிணிக்கு,

படத்தை நீ பார்த்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது என்று சுபலட்சுமி காட்டியது. பதினோரு நாளாகிறது. நீ ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண் என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்பியது. மறுநாள் வகுப்பில் என்னைப் பலகைக்குக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாள் கூப்பிட்டது. என்னை எழுதச் சொன்ன சொல் "வெயில்". கை ஆடியது. கருப்பி பின்னாலிருந்து, "ஏன், கூரையில ஏறும்போது ஆடாத கை இப்ப மட்டும் ஆடுது?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். வராவிட்டால் பயம். நின்றால் அதைவிடப் பயம். அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று மட்டுமாவது எழுது. என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

மருது


ஏதென்ஸ்
24-9-2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒத்திகைக்கூடத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்து போனில் பெரிதாக்கிப் படித்தேன். முடித்ததும் போனை அணைத்துவிட்டேன். உங்கள் மேல் வந்தது என்னவென்று சொல்ல எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையிலும் சொல் இல்லை. உள்ளே போய்க் கல்லிரோயியின் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் எதிரிலேயே சொன்னேன்.

அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கிரேக்கத்தில் "போ" என்றார். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அந்தச் சொல் வந்தது.

மூளையின் இடது பக்கத்தில் கட்டி. எலுமிச்சம்பழ அளவு. கச்சேரி வரை விட்டிருந்தால் மேடையிலேயே விழுந்திருக்கலாம் என்றார் மருத்துவர். செப்டம்பர் ஐந்தாம் தேதி தலையைத் திறந்தார்கள். எட்டு மணி நேரம். கட்டி முழுவதும் வந்துவிட்டதா என்று இன்னும் சொல்லவில்லை. அந்த நாட்களில் என்னால் உங்களுக்கு எழுத முடியவில்லை. கட்டியைப் பற்றி எழுதினால் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும்.

கச்சேரி ரத்து. பத்திரிகைகளில் பலவிதமாக எழுதினார்கள். குழுவில் இரண்டு பேர் என்னுடன் பேசுவதில்லை. ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் அந்த அரங்கம் காலியாகக் கிடந்தது. நான் அங்கே போகவில்லை, மருத்துவமனைக்குத்தான் போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மெதுவாக முனகிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பல் பாட்டு. ராகம் முழுதாக இருந்தது, சொல் ஒன்றுகூட இல்லை. அரபி அடி வரும் இடத்தில் நின்றுவிட்டார். என் விரல் கட்டில் கம்பியின் மேல் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் போதும். தட்டவில்லை. தட்டப் பயமாக இருந்தது, அப்பா. வராமல் போனால்?

நேற்று மதியம் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது வாசலில் நின்றிருந்தேன். அவர் உப்பு கேட்டார். கடல் என்று சொல்லவில்லை, உப்பு என்றே கேட்டார். கிரேக்கத்திலும் இல்லை, அரபியில். முதலில் போனது முதலில் வந்திருக்கிறது. செவிலிக்குப் புரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். நாளையும் போவேன்.

உங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிராவிட்டால் நான் இன்னும் தட்டிக்கொண்டே இருந்திருப்பேன். அது ஒன்று. அம்மா உங்களுக்குத் தனியாகப் புளி ஊற்றினார் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என்னால் இன்னும் முடியவில்லை. முடியும் என்றும் சொல்ல மாட்டேன்.

நவம்பர் மூன்றாம் தேதி காலை காரைக்குடியில் இறங்குகிறேன். அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள், எனக்குத் தபாலிலும் அனுப்ப வேண்டாம். நான் வந்து உட்காருகிறேன். அம்மா கேட்டது போல நான் கேட்பேன். நீங்கள் அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

ரோகிணி


நாச்சியாபுரம்
20-10-2024, ஞாயிறு

அன்புள்ள ரோகிணிக்கு,

உன் கடிதத்தை இந்த முறை ஒரே நாளில் படித்துவிட்டேன். "எலுமிச்சம்பழ அளவு" என்ற இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த அம்மா உப்பு கேட்டதை மட்டும் கருப்பியிடம் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. "கேட்டுருச்சா? அப்பப் பொழச்சுக்கும். உப்புக் கேட்ட வாய் ஊரையும் கேக்கும்" என்றாள். அப்படியே ஆகட்டும். பாட்டு திரும்பி வரும் வரை நீ கம்பியில் தட்ட வேண்டாம். அதுவாக வரட்டும்.

நீ வருகிற அன்று சமைக்கச் சிட்டாளைக் கூப்பிட்டிருக்கிறேன். குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டாள். உன்னைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

சீட்டு பத்திரமாக இருக்கிறது. நீ சொன்னபடி செய்வேன். உன் முன்னால் தடுக்கக் கூடாது என்று தினமும் காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பழகுகிறேன். முதல் வரி வருகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் வருகிறது. நாலாவது வரியில் நின்றுவிடுகிறேன். எழுத்தெல்லாம் தெரிகிறது. கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் நின்றுவிடுகிறேன்.

இன்னும் பதினாலு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் அங்கே வந்து சேரும்போது நீ கிளம்பியிருப்பாய். அடுத்த ஞாயிறு எழுதப் போவதும் பூட்டிய வீட்டில்தான் விழும். இருந்தாலும் அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுவேன். நாலாவது வரி வந்ததா இல்லையா என்பதை அதில் மறைக்காமல் எழுதுவேன்.

மருது